ஓட ஆரம்பிச்சு நல்லாத்தான் போச்சு, இப்ப காலைல எந்திரிக்கவே மனசு வரமாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

திருநகர் வாசி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், நேரம் இருக்குறவங்க படிச்சு ஒரு வழி சொல்லுங்க.

எனக்கு 36 வயசு, ரெண்டு பிள்ளைங்க, டவுனுக்குள்ள ஒரு ஜவுளிக்கடைல பில் போடுற வேலை, காலைல பத்துக்கு உள்ள போனா வீடு வந்து சேர ராத்திரி ஒம்பதரை ஆயிரும். போன வருசக் கடைசில ரத்தம் குடுத்தப்ப மூணு மாச சராசரி சுகர் 6.1னு வந்துச்சு. டாக்டரம்மா சொன்னாங்க, 5.7க்கு கீழ இருக்கணும், 6.5 தொட்டுட்டா சுகர்னே பேர் வச்சிருவோம், நீங்க நடுவுல நிக்கிறீங்க, இப்போதைக்கு மாத்திரை வேணாம் உடம்ப அசைங்கன்னு. எங்க அம்மாவுக்கு சுகராலதான் கால் விரல எடுத்தாங்க, அந்தப் புண்ணுக்கு மருந்து வச்சு கட்டுனதே நான்தான், அதுனால அந்த நம்பரப் பாத்ததும் எனக்கு வேற எதுவும் ஓடல.

பொங்கல் முடிஞ்ச கையோட ஆரம்பிச்சேன். போன்ல, ஓடியே பழகாதவங்கள 5 கிலோமீட்டர் ஓட வைக்கிற ஆப் ஒன்னு, வாரத்துக்கு மூணு நாள், 9 வாரம், மொத வாரம் 60 செகண்டு ஓட்டம் 90 செகண்டு நடை, அப்டியே கூட்டிக்கிட்டே போகும். மொத நாள் அந்த 60 செகண்டே நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு. மதுரை திருநகர்ல இருக்குறவங்களுக்கு தெரியும், பஸ் ஸ்டாப்பெல்லாம் மொத ஸ்டாப்பு ரெண்டாவது ஸ்டாப்புன்னு எட்டாவது ஸ்டாப்பு வரைக்கும் வரிசையா வரும், ஒரு ஸ்டாப்புல இருந்து அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் நிக்காம ஓடணும்ங்கிறதுதான் அப்ப எனக்கு பெரிய ஆசை. அது நடந்துச்சு. அப்பறம் அஞ்சு நிமிசம், அப்பறம் எட்டு நிமிசம் நிக்காம ஓடுனேன், அன்னிக்கு வீட்டுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லும்போது அழுகையே வந்துருச்சு, பள்ளிக்கூடத்துல கூட ஒரு நாளும் ஓட்டப்பந்தயத்துல நின்னவ இல்ல நான்.

அங்கதான் நின்னுபோச்சு. அஞ்சாவது வாரம் மூணாவது நாள் அந்த ஆப்பு திடீர்னு 20 நிமிசம் நிக்காம ஓடச் சொல்லுது. ரெண்டு மூணு தடவ முட்டிப் பாத்தேன், பாதில மூச்சு இரைச்சு நின்னுர்றேன். அதுக்குள்ள சித்திரத் திருவிழா வந்துருச்சு, வீடு பூரா ஒறம்பரை, அழகர் ஆத்துல எறங்குன வாரமெல்லாம் தூக்கமே இல்ல, அப்பறம் கடைல முகூர்த்த சீசன். திரும்ப ஓடலாம்னு எறங்குனா எட்டு நிமிசம் கூட முடியல, முன்னங்கால் எலும்பு ஓரமா வலி வேற. எடை மெசின்ல ஏறிப் பாத்தா ஆரம்பிச்சதுல இருந்து ஒரு கிலோதான் கொறஞ்சுருக்கு. பக்கத்து வீட்டு அக்கா சோத்த கொறச்சா போதாதா எதுக்கு ரோட்டுல ஓடுறங்குறாங்க, டீக்கடைல நிக்கிற ஆளுங்க பாக்குற பார்வை ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம்.

இப்ப ரெண்டு மூணு வாரமா அலாரம் அடிக்குது, முழிச்சுத்தான் படுத்துருக்கேன், ஆனா காலக் கீழ வைக்க மனசு வரல. மொத ரெண்டு மாசம் இருந்த அந்த வேகம் எங்க போச்சுன்னே தெரியல. உங்களுக்கெல்லாம் இப்டி ஒரு கட்டம் வந்துச்சா, எப்டி தாண்டுனீங்க, நான் இத விட்டுட்டு வேற ஏதாச்சும் பண்ணணுமா?

ரேஸ்கோர்ஸ் பையன்:

அக்கா வணக்கம். நான் போலீஸ் செலக்சனுக்கு ஓடிக்கிட்டு இருக்கேன், ஆம்பளப் பசங்களுக்கு 1500 மீட்டர் 7 நிமிசத்துல முடிக்கணும், ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்து 400 மீட்டர் ட்ராக்குல அது மூணே முக்கா சுத்து, ஒரு சுத்துக்கு 112 செகண்டு வருது. நாங்க பத்துப் பன்னெண்டு பேரு சேந்து ஓடுறோம், எல்லாரும் வேற வேற ஊரு, செக்கானூரணில இருந்து கூட வெள்ளனே வண்டியப் போட்டு வந்துருவாய்ங்க. ஒருத்தன் வரலன்னா போன் போட்டு எழுப்பி விட்ருவோம், மனசு இருக்கோ இல்லையோ நமக்காக நாலு பேரு கிரவுண்டுல நிக்கிறாய்ங்கங்குற நெனப்புக்காகவே எந்திரிச்சு வந்துருவோம். தனியா மோட்டிவேசன தேடாதீங்கக்கா, கூட ஓட ஒரே ஒரு ஆளத் தேடுங்க, அதுதான் எனக்குத் தெரிஞ்ச ஒரே வழி.

இன்னொன்னு, ராத்திரியே டிரஸ்ஸு சாக்ஸு ஷூ எல்லாத்தையும் எடுத்து வாசல்கிட்ட வச்சிருங்க. வெள்ளன எந்திரிச்சு இருட்டுல சாக்ஸத் தேடும்போதுதான் போகவேணாம்னு தோணும்.

நம்ம சக்கிமங்கலம் ரேவதி வீரமணி அக்கா தெரியும்ல, அப்பா அம்மா ரெண்டு பேரும் சின்ன வயசுலயே போயிட்டாங்க, பாட்டி கூலி வேல பாத்து வளத்தாங்க, ஷூ இல்லாம வெறுங்கால்லதான் ஓட ஆரம்பிச்சாங்க, 2021ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ல 4x400 கலப்பு தொடர் ஓட்டத்துல இந்தியாவுக்காக ஓடுனாங்க. மனசு சோர்ந்து போற அன்னிக்கெல்லாம் நம்ம மண்ணுல இருந்து ஒரு பொண்ணு அம்புட்டு தூரம் போயிருக்கேன்னு நெனச்சுக்குவேன்.

அவனியாபுரம்:

எதுக்குங்க ஓட்டம். சுகருக்கு நடையே போதும், தெனம் முக்கா மணி நேரம் கைய வீசி வேகமா நடங்க. முட்டி தேஞ்சா யாரு பாக்குறது. எனக்கு அஞ்சு வருசமா நடதான், சுகர் கட்டுக்குள்ள இருக்கு.

திருநகர் வாசி:

அண்ணே நடைய நான் கொறைச்சு சொல்லவே மாட்டேன், ஓடாத நாள்ல நடக்கத்தான் செய்றேன். ஆனா அந்த எட்டு நிமிசம் ஓடுன அன்னிக்கு உள்ள ஒன்னு வந்துச்சுல்ல, அது நடக்கும்போது வரல, அத எனக்கு விட மனசில்ல. நாள் பூரா கஸ்டமர் சொல்றது, மொதலாளி சொல்றது, பிள்ளைங்க சொல்றதுன்னு போகுது, காலைல அந்த அர மணி நேரம் மட்டும்தான் என் காலு நான் சொன்னத கேக்குது.

தெப்பக்குளம் வாக்கர்:

அம்மா, உங்க பதிவ ரெண்டு தடவ படிச்சேன். எனக்கு 63 வயசு, தபால்துறைல இருந்து ரிட்டயர் ஆனவன், ரிட்டயர் ஆனதுக்கு அப்பறம்தான் ஓடவே ஆரம்பிச்சேன், தெப்பக்குளத்த சுத்தித்தான் ஓடுறது. சுத்தி ஒரு ரவுண்டு வந்தா ஒண்ணேகால் கிலோமீட்டர் பக்கம் வரும், நாலு ரவுண்டு போட்டா உங்க ஆப்பு சொல்ற 5 கிலோமீட்டர் கணக்கு முடிஞ்சிரும்.

நீங்க மோட்டிவேசன் போச்சு போச்சுன்னு எழுதிருக்கீங்க, எனக்கு அப்டி தோணல. மனசு சோம்பேறியா இருந்தா நீங்க இம்புட்டு நீளமா எழுதி வழி கேட்ருக்க மாட்டீங்க. உங்க உடம்பு ஏதோ கஷ்டப்படுது, அத மனசு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு போகாத போகாதன்னு இழுக்குது. அந்தக் கஷ்டம் என்னன்னு பாத்து எடுத்து விட்டுட்டா மனசு தன்னால வரும்னு நெனைக்கிறேன்.

மொத விசயம் வேகம். நீங்க மூச்சு இரைச்சு நின்னேன்னு எழுதுனதுலயே தெரியுது, வேகமா ஓடுறீங்க. புதுசா ஓடுற முக்காவாசி பேரு ஓட்டம்னா பஸ்ஸப் பிடிக்கிற வேகம்னு நெனச்சுக்கிறாங்க. ஓடும்போது கூட ஒரு ஆள் இருக்குற மாதிரி நெனச்சு முழுசா ஒரு வாக்கியம் வாய்விட்டு பேசிப் பாருங்க, காலைல என்ன சமையல், மத்தியானத்துக்கு என்ன குழம்புன்னு எதையாச்சும் சொல்லுங்க. பாதில மூச்சு அறுந்தா வேகம் கூடன்னு அர்த்தம், பைய ஓடுங்க. எவ்ளோ பையன்னா பக்கத்துல வேகமா நடக்குற ஆளு உங்கள தாண்டிப் போனாலும் பரவால்லங்குற அளவுக்கு. தெப்பக்குளத்துல என்னைய நடக்குறவங்களே தாண்டிப் போறாங்க, அவங்க ரெண்டு ரவுண்டுல போயிருவாங்க, நான் ஆறு ரவுண்டு முடிச்சுட்டு நிதானமா பருத்திப்பால் குடிச்சுட்டு வீட்டுக்குப் போவேன். புதுசா ஏர்ல பூட்டுன காளைய மொத நாளே முழு வயக்காட்டையும் உழ விடமாட்டாங்கம்மா, பழக்கித்தான் எடுப்பாங்க.

ரெண்டாவது வெயிலு. நீங்க தை மாசம் ஆரம்பிச்சீங்க, அப்ப மதுரைல காலைல நல்ல குளிர்ச்சி. இப்ப கத்திரி முடிஞ்சும் புழுக்கம் போகல, வெள்ளன அஞ்சு மணிக்கே கசகசன்னு இருக்கு. சூடு கூடுனா உடம்பு ரத்தத்த தோலுக்கு அனுப்பி வேர்வையா வெளியேத்தப் பாக்கும், காலுக்குப் போற ரத்தத்துல அது பங்கு கேக்கும், அதுனால அதே வேகத்துக்கு இதயம் கூட அடிக்கும். தை மாசம் சுகமா இருந்த அதே ஓட்டம் வைகாசில பாரமா தெரியிறதுக்கு அதுதான் காரணம், நீங்க பின்னாடி போயிட்டீங்கன்னு அர்த்தமில்ல. இந்த சூட்டுக்கு உடம்பு பழக பத்துல இருந்து பதினாலு நாள் வேணும், அதுவும் விடாம ஓடுனாத்தான் பழகும், அது வரைக்கும் நேரத்தப் பாக்காதீங்க தூரத்தப் பாக்காதீங்க. முந்தின நாள் சாயங்காலத்துல இருந்தே தண்ணி குடிச்சு வைங்க, ஓடிட்டு வந்து உப்பு போட்ட நீர்மோர் ஒரு சொம்பு குடிங்க.

மூணாவது உங்க ஆப்பு. எங்க பேத்திதான் சொன்னா, அந்தத் திட்டத்த 1996ல ஜோஷ் கிளார்க்னு ஒருத்தர் தன்னோட அம்மாவுக்காக எழுதுனதாம். ஒரு அம்மாவ ஓட வைக்கிறதுக்கு பிள்ள எழுதுனது, அதுல 9 வாரம்னு போட்ருந்தா நீங்க 9 வாரத்துலதான் முடிக்கணும்னு யாரும் சட்டம் போடல. அந்த அஞ்சாவது வாரம் மூணாவது நாள்ல நிக்காத ஆளே கெடையாது, அதுக்கு முந்தின நாள் எட்டு நிமிசம் ரெண்டு தடவதான் ஓட்டம், அடுத்து ஒரேயடியா இருவதுன்னா யாருக்கும் பயமாத்தான் இருக்கும். நீங்க நடுவுல உங்களுக்குன்னு படி போட்டுக்கங்க. பத்து நிமிசம் ஓடி ஒரு நிமிசம் நடந்து திரும்ப எட்டு நிமிசம் ஓடுங்க, அடுத்த வாரம் பன்னெண்டு, அதுக்கு அடுத்த வாரம் பதினஞ்சு. இருவது நிமிசம் ஆடில வந்தா என்ன ஆவணில வந்தா என்ன.

ஃபவுஜா சிங்னு ஒரு பஞ்சாப்காரரு, 89 வயசுல லண்டன்ல மொத மாரத்தான் ஓடுனாரு, 2011ல டொரன்டோல 100 வயசுல மாரத்தான் முடிச்சாரு, எட்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. ஆனா முடிச்சாரு. அவரப் பத்திப் படிச்ச அன்னிக்குத்தான் நான் ஷூவே வாங்குனேன். உங்களுக்கு 36 வயசுதான் ஆகுதும்மா.

மேலூர் பிசியோ:

அய்யா சொன்ன வேகம், வெயிலு ரெண்டும் நூத்துக்கு நூறு சரி. நான் பிசியோதெரபிஸ்ட், இந்த மாதிரி கேஸு வாரா வாரம் பாக்குறேன், அதுனால சிஸ்டருக்கு ரெண்டு விசயம் மட்டும் சேத்து சொல்றேன்.

ஒன்னு அந்தக் கால் வலி. முன்னெலும்போட உள்பக்க ஓரமா நீளவாக்குல வலிக்குதா, இல்ல ஒரே ஒரு எடத்துல விரல் வச்சு இங்கதான்னு காட்டுற மாதிரி வலிக்குதா? நீளவாக்குல வலிச்சா அது ஷின் ஸ்ப்ளின்ட், புதுசா ஓடுறவங்களுக்கு ரொம்ப சகஜம், நெஞ்சும் மூச்சும் சில வாரத்துலயே பழகிரும், ஆனா எலும்பும் தசைநாரும் பழக மாசக்கணக்காகும், அந்த இடைவெளிலதான் இந்த வலி வரும். ஒரு வாரம் பத்து நாள் ஓட்டத்த பாதியா கொறைங்க, மிச்ச நேரம் நடங்க, காலடிய சின்னச் சின்னதா எடுத்து வைங்க, மாடிப்படில நின்னு குதிகால தூக்கி எறக்குறத தெனம் பத்துப் பதினஞ்சா மூணு தடவ செய்ங்க. கடைல நின்னுக்கிட்டே இருக்கும்போது கூட செய்யலாம். ஆனா ஒரே புள்ளில வலிச்சு, ராத்திரி படுத்துருக்கும்போதும் வலிச்சு, ஒத்தக்கால்ல குதிச்சா சுரீர்னு இழுத்துச்சுன்னா ஓடவே ஓடாதீங்க, எலும்புல மெல்லிசா கீறல் இருக்கலாம், ஆர்த்தோ டாக்டரப் போய் பாத்துருங்க.

முட்டி தேஞ்சுரும்னு மேல ஒரு அண்ணன் எழுதிருக்காரு, அந்த பயம் நெறய பேருக்கு இருக்கு. முட்டில ஏற்கனவே பிரச்சன இல்லாதவங்க மிதமா ஓடுறதால முட்டி தேயுறதுக்கு ஆதாரம் இல்ல, தொடைல சதை வைக்கிறதால முட்டிக்கு அது பலம்தான்.

ரெண்டாவதுதான் முக்கியம். நீங்க ஹீமோகுளோபின் பாத்தீங்களா? எட்டு நிமிசம் ஓடுன ஆளு ரெண்டு மூணு வார இடைவெளிக்கு அப்பறம் அதுவும் ஓட முடியல, காலைல எந்திரிக்க முடியல, மூச்சு சீக்கிரம் இரைக்குதுன்னு ஒரு 36 வயசுப் பொண்ணு சொன்னா எனக்கு மொதல்ல ரத்த சோகதான் ஞாபகத்துக்கு வரும். பொம்பளைங்களுக்கு 12க்கு கீழ போனாலே ரத்த சோகதான். 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுக்குள்ள இருக்குற பொண்ணுங்கள்ல பாதிக்கும் மேல ரத்த சோக இருக்குன்னு வந்துச்சு, அத்தன பேரும் தன்ன சோம்பேறின்னு திட்டிக்கிட்டு இருக்காங்க, அது எனக்கு தாங்கவே முடியாத விசயம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இருப்பு இருக்குற இரும்புச்சத்தோட அளவு), தைராய்டு மூணையும் சேத்து பாத்துருங்க. அதோட இன்னொன்னு, இரும்புச்சத்து கொறஞ்சுருந்தா அந்த மூணு மாச சுகர் டெஸ்ட்டு உள்ளத விட கொஞ்சம் கூட காட்டலாம், அதுனால உங்க 6.1ஐப் பத்தியும் டாக்டரம்மாகிட்ட திரும்ப கேளுங்க.

எடை மெசின தூக்கி பரண்ல போடுங்க. தசை சுருங்கி விரியும்போது ரத்தத்துல இருக்குற சர்க்கரைய இழுத்துக்கும், ஒரு தடவ ஓடுனா அந்தப் பலன் ஒரு நாள் ரெண்டு நாளைக்கு நிக்கும், எடை கொறஞ்சாலும் கொறையாட்டியும். அதுனாலதான் தொடர்ந்து ரெண்டு நாளுக்கு மேல உடம்ப அசைக்காம இருக்காதீங்கன்னு சொல்றது. ஓட முடியாத நாள் நடங்க, அதுவும் கணக்குதான்.

ஒத்தக்கடை பொண்ணு:

அக்கா எல்லாரும் உடம்பப் பத்தி சொல்லிட்டாங்க, நான் ரோட்டப் பத்தி சொல்றேன், ஏன்னா நமக்கு பாதி மோட்டிவேசன் அங்கதான் போகுது, ஆம்பளைங்களுக்கு இது சொன்னாலும் முழுசா புரியாது.

நான் யானைமலை அடிவாரத்துல நரசிங்கம் ரோட்டுல ஓடுறேன். ஆரம்பத்துல எனக்கும் அந்த டீக்கடை பார்வைதான் பெரிய பாரம், ஓடுறத விட அத தாண்டிப் போறதுக்குத்தான் தைரியம் தேவப்பட்டுச்சு. நான் பண்ணது என்னன்னா ஒரே நேரம் ஒரே வழி, மாத்தவே இல்ல. புதுசா இருக்குற வரைக்கும்தான் பாப்பாங்க, ஒரு மாசம் போனா பால்காரர், பேப்பர் போடுற தம்பி மாதிரி நம்மளும் அந்தக் காலைல ஒரு ஆளாயிருவோம். இப்ப ரெண்டு நாள் போகலன்னா பூக்கட்டுற ஆச்சி என்னத்தா ஒடம்புக்கு முடியலையான்னு கேக்குது. டிரஸ்ஸ பத்தியும் கவலப்படாதீங்க, நான் நீளக் குர்தாவும் லெக்கின்ஸும் போட்டு துப்பட்டாவ மட்டும் வீட்டுலயே விட்டுட்டு வருவேன், எங்க தெருல ஒரு அக்கா சேலைலயே வேகமா நடக்குறாங்க. ஆனா உள்ளாட மட்டும் சரியான ஸ்போர்ட்ஸ் பிரா வாங்கிருங்க, ஷூவுக்கு அடுத்து செலவு பண்ண வேண்டியது அதுக்குத்தான், இத யாரும் சொல்லித்தர்றதே இல்ல.

நாய் விசயம். ஓடுனா தொரத்தத்தான் செய்யும். தூரத்துல கூட்டமா படுத்துருக்கத பாத்ததுமே ஓட்டத்த நிப்பாட்டி நடங்க, கண்ணப் பாக்காதீங்க, கத்தாதீங்க, மொறச்சுக்கிட்டு வந்தா அப்டியே நின்னுருங்க, முதுகக் காட்டி ஓடாதீங்க. ஒருவேள கடிச்சாலோ நகம் கீறுனாலோ ஓடுற தண்ணில சோப்பு போட்டு பதினஞ்சு நிமிசம் கழுவிட்டு அன்னிக்கே ஊசி போட்ருங்க, சின்னக் கீறல்தானேன்னு விட்டுறக் கூடாது, ராஜாஜி ஆஸ்பத்திரிலயும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் இலவசமாவே போடுறாங்க.

மாசத்துல அந்த மூணு நாளு எனக்கு ஓட முடியாது, இடுப்பு கழண்டு போயிரும். நான் அத லீவுன்னு வச்சுக்கிறதில்ல, மெதுவா பத்து நிமிசம் நடந்துட்டு வந்துருவேன், இல்லன்னா நாலாவது நாளு திரும்ப எந்திரிக்கிறது கஷ்டமாயிருது. சில பொண்ணுங்களுக்கு அந்த நாள்ல ஓடுனாத்தான் வலி கொறையுது, அவங்கவங்க உடம்பு.

ஞாயித்துக்கிழமை நான் ரேஸ்கோர்ஸ் வருவேன், ட்ராக்குல ஓடுனா நாயும் இல்ல பள்ளமும் இல்ல. நீங்களும் வண்டி எடுத்து வர்றீங்களா? நான் ரொம்ப மெதுவாத்தான் ஓடுவேன், பேசிக்கிட்டே ஓடலாம்.

அவனியாபுரம்:

முட்டி விசயம் எனக்கு புதுசு, பிசியோ சாருக்கு நன்றி. தங்கச்சி நீங்க ஓடுங்க. ஆனா ராத்திரி ஒம்பதரைக்கு வந்து சமைச்சு சாப்ட்டு படுக்க பதினொன்னு ஆகும்னா நாலரைக்கு எந்திரிச்சு ஓடுறது சரியா வராது, தூக்கம் ரொம்ப முக்கியம். வாரத்துல மூணு நாளுங்குறத உங்க வாரலீவு நாளு ஒன்னு, ஞாயிறு மாதிரி கொஞ்சம் லேசான நாளு ஒன்னு, நடுவுல ஒன்னுன்னு பிரிச்சுக்கங்க. வீட்டுக்காரர அந்த மூணு நாளு மட்டும் பிள்ளைங்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டச் சொல்லுங்க, பள்ளிக்கூடம் தொறந்துட்டா இன்னும் நெருக்கடி ஆயிரும், இப்பவே பேசி வச்சிருங்க.

திருநகர் வாசி:

எல்லாருக்கும் எப்டி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன், அதுக்குள்ள நெறய நடந்துருச்சு.

பிசியோ சார் சொன்னதுல பயந்து போய் மறுநாளே ரத்தம் குடுத்துட்டேன். ஹீமோகுளோபின் 10.2. ஃபெரிட்டினும் ரொம்ப கம்மி. தைராய்டு நார்மல். டாக்டரம்மா அதப் பாத்துட்டு இத வச்சுக்கிட்டு நீங்க எட்டு நிமிசம் ஓடுனதே பெருசுன்னு சொன்னாங்க, அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு சார், இத்தன நாளா என் மனசத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். மூணு மாசத்துக்கு இரும்பு மாத்திரை எழுதிக் குடுத்துருக்காங்க, சுகர் டெஸ்ட்ட ரத்தம் கூடுனதுக்கு அப்பறம் திரும்ப எடுப்போம்னாங்க. கால் வலி நீளவாக்குலதான், விரல் வச்சு காட்டுற மாதிரி இல்ல.

தெப்பக்குளம் அய்யா சொன்ன மாதிரி நேத்து வாய்விட்டு பேசிக்கிட்டே ஓடுனேன். மொதல்ல கூச்சமா இருந்துச்சு, அப்பறம் அன்னிக்கு கடைல முடிக்க வேண்டிய கணக்க சொல்லிக்கிட்டே போனேன். எட்டு நிமிசம் வந்துருச்சு அய்யா, நெஞ்சு வெடிக்கல. ஆனா அம்புட்டு மெதுவா ஓடுனா அத ஓட்டம்னு சொல்லலாமான்னு ஒரு சந்தேகம் இருக்கு. வீட்டுக்காரர் புதங்கிழமையும் ஞாயித்துக்கிழமையும் டிபன் பாக்ஸ் நான் பாத்துக்கிறேன்னுட்டாரு, ஞாயித்துக்கிழமைக்கு டிபன் பாக்ஸே கெடையாதுங்கிறத அவர்ட்ட சொல்லிருக்கேன், வேற ஒரு நாள மாத்தணும்.

ஒரு கேள்வி, மாத்திரை சாப்டும்போது ஓடலாமா, எம்புட்டு நாள்ல தெம்பு வரும்?

தெப்பக்குளம் வாக்கர்:

ஓட்டம்தாம்மா. ஒவ்வொரு காலடிலயும் ரெண்டு காலும் ஒரு கணம் தரைய விட்டு எந்திரிச்சா அது ஓட்டம், வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. ரிசல்ட்டு கேட்டு எனக்கே மனசு லேசாச்சு.

மேலூர் பிசியோ:

ரொம்ப சந்தோசம் சிஸ்டர், சீக்கிரமா பாத்தீங்க. உங்க டாக்டர் வேணாம்னு சொல்லாத வரைக்கும் மெதுவா ஓடலாம், ஆனா தலசுத்தல், படபடப்பு, நெஞ்சு பிடிக்கிற மாதிரி இருந்தா உடனே நிப்பாட்டிருங்க. மாத்திரைய டீ காப்பியோட சாப்டாதீங்க, முன்னாடி பின்னாடி ஒரு மணி நேரமாச்சும் இடைவெளி விடுங்க, எலுமிச்ச ஜூஸோட சாப்ட்டா இரும்பு நல்லா ஏறும். வயித்துல போறது கருப்பா போகும், அதுக்கு பயப்படாதீங்க. மூணு நாலு வாரத்துல வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும், ஆனா நல்லாயிருச்சேன்னு பாதில நிப்பாட்டக் கூடாது, ரத்தம் ஏறுனதுக்கு அப்பறமும் உள்ள இருப்பு நெறையுறதுக்கு மாசக்கணக்கு ஆகும். முருங்கக்கீரை, கம்பு, சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) எல்லாம் சேத்துக்கங்க, ஆனா 10.2க்கு சாப்பாடு மட்டும் போதாது.

ஒத்தக்கடை பொண்ணு:

அக்கா ஞாயிறு காலைல அஞ்சரைக்கு ரேஸ்கோர்ஸ் கேட்டுகிட்ட நிப்பேன், மஞ்சக் கலர் குர்தா. தண்ணி பாட்டில் எடுத்துட்டு வாங்க.

திருநகர் வாசி:

வர்றேன் ம்மா. வீட்டுல இருந்து அஞ்சு மணிக்கு கெளம்பிருவேன்.

ரேஸ்கோர்ஸ் பையன்:

அக்கா ரெண்டு பேரும் வாங்க, நாங்களும் அங்கதான் இருப்போம். ஒன்னே ஒன்னு, உள் லேன்ல டைமிங் எடுக்குற பசங்க வேகமா வருவாய்ங்க, அதுனால வெளி லேன் எதுலயாச்சும் ஓடுங்க, யாரும் தொந்தரவு பண்ண மாட்டாய்ங்க. ஆனா 400 மீட்டருங்கிறது உள் லேனுக்குத்தான், எட்டாவது லேன்ல ஒரு சுத்து 450க்கு மேல வரும், தூரம் கணக்கு போடும்போது அத சேத்துக்கங்க.